ரோல் கால்குலேட்டரில் 100 தட்டினால் 1.00 விழுகிறது: மண்டிக் கணக்குக்கு எப்படி செட் பண்ணுவது?

முருங்கைமண்டி (ஒட்டன்சத்திரம்) | திங்கள், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுல இருக்கார். கொஞ்ச நாளைக்கு மண்டிக் கல்லாவுல நான்தான். முருங்கை, பீன்ஸ், தக்காளி மூணும் எடுக்கிறோம். சரக்கு வித்ததும் விவசாயிக்குச் சீட்டு எழுதி, கூடவே ரோல் கால்குலேட்டர்ல போட்ட பேப்பரையும் கிழிச்சுப் பின் அடிச்சுக் கொடுக்கிறது எங்க கடைப் பழக்கம். அப்பா ஆரம்பிச்சது, விடக்கூடாதுன்னு நினைக்கிறேன்.

பழைய மிஷின்ல பல்சக்கரம் தேய்ஞ்சு போச்சு. போன வாரம் புதுசு வாங்கினேன். 12 இலக்கம், கருப்பு சிவப்பு ரெண்டு கலர்ல அடிக்கும். மூணு பிரச்சினை:

100 தட்டி + அழுத்தினா 1.00ன்னு அச்சாகுது.

500 − 120 = போட்டா 500 சிவப்புல விழுது. கடைசியில * தட்டினா மைனஸ் 500 வருது. 380 எங்க போச்சுன்னே தெரியல.

அச்சு மங்கலா இருக்கு. கை பட்டா ஈஷுது.

கடைக்காரர் ஃபோன்ல "மிஷின் அப்படித்தான் சார்"ங்கிறார். கூட வந்த காகிதத்துல எழுத்து எறும்பு மாதிரி இருக்கு, தமிழும் இல்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க. நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு எனக்கு இது வேணும்.

---

ஓய்வுபெற்ற காசாளர் (திண்டுக்கல்) | திங்கள், இரவு 10:05

தம்பி, மிஷினில் எந்தப் பழுதும் இல்லை. நாளைக் காலைக்குள் பழகிவிடலாம், பயப்படாதீர்கள். கூட்டுறவு வங்கியில் 31 வருஷம் காசாளராக இருந்தவன். இந்த மிஷின் இல்லாமல் ஒரு நாளும் கணக்கு முடித்ததில்லை.

முதலாவது. மேலே வரிசையாகத் தள்ளுபொத்தான்கள் இருக்கும். அதில் ஒன்றில் எஃப், 0, 2, 3, ஏ என்ற மாதிரி குறிகள் தெரியும். தசமப் புள்ளிக்கான பொத்தான் அது. உங்களுடையது இப்போது ஏ-யில் நிற்கிறது. அந்த இடத்தில் வைத்தால் கூட்டல், கழித்தல் போடும்போது கடைசி இரண்டு இலக்கத்தைப் பைசாவாக மிஷினே எடுத்துக்கொள்ளும். 100 என்பது 1.00, 12550 என்பது 125.50. புள்ளி தட்டுகிற வேலை மிச்சம் என்று வங்கியில் நாங்கள் ஏ-யில்தான் வைத்திருப்போம், ஏனென்றால் அங்கே எல்லா வவுச்சரிலும் பைசா இருக்கும். மண்டியில் முழு ரூபாய்தானே புழங்குகிறது? பொத்தானை 2-க்குத் தள்ளுங்கள். 100 தட்டினால் 100.00 விழும்.

இரண்டாவதுதான் முக்கியம். சட்டைப்பை கால்குலேட்டரில் 500 − 120 = என்று வாயால் சொல்கிற வரிசையில் தட்டுகிறோம். இது அந்த ஜாதி இல்லை. இதைப் பேரேடு என்று நினையுங்கள். ஒவ்வொரு தொகையையும் எழுதி, அது வரவா பற்றா என்று அதன் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். தொகை முன்னால், குறி பின்னால்.

500 +
120 −
*

இப்படித் தட்டினால் 380.00 * என்று வரும். நீங்கள் 500 − என்று தட்டியதும், ஐந்நூறு ரூபாய் பற்று என்று அது எடுத்துக்கொண்டது. அதனால்தான் சிவப்பு. 120 = என்பதைக் கூட்டல் கணக்கில் அது சேர்க்கவே இல்லை. பெருக்கல், வகுத்தலுக்கு மட்டும் நீங்கள் பழகிய வரிசையேதான்: 42.5 × 38 =.

அச்சு விஷயம் யாராவது சொல்வார்கள். என் காலத்து ரிப்பன் வேறு மாதிரி.

---

கம்பிக்கடை (ஈரோடு) | திங்கள், இரவு 10:31

அய்யா சொன்னது அத்தனையும் சரிங்க. தசமப் பொத்தான் விஷயத்துல மட்டும் என் பங்குக்கு ஒண்ணு. 2-க்குப் பதிலா எஃப்ல வச்சா என்னங்க? எஃப்னா வந்த விடையை வெட்டாம முழுசாக் காட்டும். நம்ம கடையில கம்பி எடை, தகடு அளவு எல்லாம் மூணு தசமம் வரை வரும். எஃப்லதான் ஓட்டறேன்.

---

ஓய்வுபெற்ற காசாளர் | திங்கள், இரவு 10:44

உங்கள் கடைக்கு எஃப் பொருந்தும். அவர் கடைக்கு வேண்டாம் என்பேன். காரணம், அந்தப் பேப்பரை வாசிக்கப் போகிறவர் விவசாயி. ஒரு வரியில் 1615., அடுத்த வரியில் 612.5, அதற்கடுத்து 833.333 என்று புள்ளி இடம் மாறி மாறி விழுந்தால் அவர் கண்ணுக்கு எதுவும் ஒட்டாது. 2-இல் வைத்தால் ரூபாய்க்குக் கீழே ரூபாய், பைசாவுக்குக் கீழே பைசா என்று நேர்க்கோட்டில் நிற்கும். விரலை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்க்கலாம்.

பக்கத்திலேயே இன்னொரு பொத்தான் உண்டு: மேல்நோக்கிய அம்பு, 5/4, கீழ்நோக்கிய அம்பு. வட்டமிடுவது அதன் வேலை. 5/4 என்றால் ஐந்தும் அதற்கு மேலும் வந்தால் ஏற்றும், நாலும் அதற்குக் கீழும் வந்தால் விட்டுவிடும். தம்பி, இதை 5/4-இலேயே வைத்து, அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். யார் கையும் பட்டு நகரக்கூடாது.

ரூபாய்க்கு மேல் பைசா எதற்கு என்று தசமத்தை 0-இல் வைக்கிறவர்களும் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். 24.5 கிலோ, கிலோ 25 ரூபாய் என்றால் 612.50. இதே மாதிரி மூன்று மூட்டை என்று வையுங்கள். வரிக்கு வரி ஏற்றினால் 613 மூன்று தடவை, 1839. உண்மையில் 1837.50. இது மண்டிக்கு நஷ்டம். கீழ் அம்பில் வைத்திருந்தால் 1836, விவசாயிக்கு நஷ்டம். வட்டமிடுவதைக் கடைசி வரியில் ஒரு தடவை, கையால் செய்யுங்கள்.

---

யாழ் கணக்கு (யாழ்ப்பாணம்) | திங்கள், இரவு 11:10

தம்பி, அச்சு மங்கிறதுக்கு நான் சொல்லுறன். எங்கட கந்தோரிலயும் (ஆபீஸ்) இதே பிரச்சினை வந்தது.

நீங்கள் எந்த ரோல் போட்டிருக்கிறியள்? கடையில போய் "பில் ரோல்" எண்டு கேட்டால் இப்ப எல்லாரும் சூட்டில கறுக்கிற பேப்பரைத்தான் தருவினம். பில் மிஷினுக்கு அதுதான் வேணும். உங்கட மிஷின் ரெண்டு கலர் எண்டால் அது மை உருளையால அடிக்கிறது. அதுக்குச் சாதாரண வெள்ளைப் பேப்பர் ரோல் வேணும். அகலம் ரெண்டுக்கும் 57, 58 மில்லிமீட்டர்தான், அதால ஆக்கள் மாறிப் போடுறவை. பளபளப்புப் பூச்சில மை ஊறாது. கை பட்டால் இழுபடும்.

பாக்கிறதுக்கு லேசான வழி: நகத்தால அழுத்தி ஒரு கோடு இழுங்கோ. கறுப்புக் கோடு விழுந்தால் அது சூட்டுப் பேப்பர். விழாட்டி சாதாரணப் பேப்பர்.

ரோலைப் போடேக்க நுனியை நேராக வெட்டிப் போட்டு, ரோலின்ர அடிப்பக்கத்தால பேப்பர் வாறமாதிரி வையுங்கோ. மேற்பக்கத்தால வந்தால் அச்சடிச்ச பேப்பர் திரும்பவும் சுருண்டு உள்ள போகப் பாக்கும். மிஷினிலயே படம் கிடக்கும். நுனியைத் துவாரத்துக்குள்ள விட்டுட்டுப் பேப்பர் தள்ளுற பொத்தானை அமத்துங்கோ, அதுவே இழுக்கும். போட்ட பேப்பரைப் பின்பக்கமா இழுக்கக் கூடாது. உள்ளுக்குப் பல்லுப் போயிடும். வெட்டிப்போட்டு முன்பக்கத்தால எடுங்கோ.

மை உருளை வேற விஷயம். புது மிஷினில உருளை சரியா இருந்து "கிளிக்" எண்ட சத்தம் கேட்டதோ பாருங்கோ. சரியா இருக்காட்டி அரைவாசி எழுத்துத்தான் விழும்.

---

முருங்கைமண்டி | திங்கள், இரவு 11:26

நகத்தால கீறிப் பாத்தேன் அண்ணா, கருப்புக் கோடு! ரோல்தான் காரணம். அப்பாவோட பழைய ரோல் பாதி பாக்கி இருந்தது, மாட்டிட்டேன். எழுத்து கருகருன்னு விழுது. ரொம்ப நன்றி.

தசமம் 2, வட்டம் 5/4, டேப்பும் ஒட்டியாச்சு. நேத்து வந்த ஒரு சரக்கை வச்சுப் போட்டுப் பாத்தேன். முருங்கை மூணு தரம். 42.5 கிலோ 38 ரூபா, 61 கிலோ 35 ரூபா, 27.5 கிலோ 32 ரூபா. ஒவ்வொரு பெருக்கலுக்கும் = போட்டு, அப்புறம் + தட்டினேன். மொத்தம் பாத்துட்டு 10 சதம் கமிஷன், இறக்குக் கூலி 60, வண்டி வாடகை 150 கழிச்சேன். பேப்பர்ல இருக்கறதை அப்படியே போடறேன்:

42.5 ×
38. =
1,615.00 +
61. ×
35. =
2,135.00 +
27.5 ×
32. =
880.00 +
4,630.00 *
4,630. ×
10. %
463.00 −
60.00 −
150.00 −
673.00 − *

கடைசி வரி சிவப்புல 673. விவசாயி எனக்கு 673 ரூபா தரணுங்கிற மாதிரி வருது. எங்க தப்பு?

---

ஓய்வுபெற்ற காசாளர் | செவ்வாய், காலை 4:15

எழுந்ததும் பார்த்தேன். உங்கள் பேப்பரில் பத்தாவது வரி: 4,630.00 *. அங்கேதான்.

நட்சத்திரம் என்பது கணக்கை முடி என்ற உத்தரவு. மொத்தத்தை அச்சடித்துவிட்டு உள்ளே இருப்பதைக் காலி செய்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் கழித்த மூன்று தொகையும் பூஜ்யத்திலிருந்து கழிந்தன. 463, 60, 150 கூட்டினால் 673.

அங்கே அழுத்த வேண்டியது ◇. சாய்ந்த கட்டம் போட்ட விசை. இதுவரை எவ்வளவு என்று மட்டும் அச்சடிக்கும், உள்ளே இருப்பதைத் தொடாது. அதாவது:

4,630.00 ◇
4,630. ×
10. %
463.00 −
60.00 −
150.00 −
3,957.00 *

மூன்று தரம் சேர்ந்து வந்த தொகை இடையில் ◇-ஆகத் தெரியும். விவசாயி கையில் வாங்குவது கடைசி *. இந்த இரண்டு குறியைப் புரிந்துகொண்டால் மிஷின் உங்கள் கைக்குள்.

---

முருங்கைமண்டி | செவ்வாய், காலை 4:22

3,957 வந்துருச்சு அய்யா. கிளம்பறேன்.

---

தணிக்கைப்பெண் (கோவை) | செவ்வாய், காலை 10:50

வேலைக்கு நடுவுல இந்த இழையைப் படிச்சிட்டு இருக்கேன். ஆடிட்டர் ஆபீஸ்ல ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டர் ஆகறதுக்கான பயிற்சி) ரெண்டாவது வருஷம். முதல் நாளே எங்க சீனியர் அக்கா இந்த மிஷின் முன்னாடி உட்கார வச்சு நாலு விஷயம் சொல்லிக் கொடுத்தாங்க. அதை இங்கே போட்டே ஆகணும்.

ஒண்ணு, எந்தக் கணக்கையும் பூஜ்யத்துல ஆரம்பி. முதல் தொகைக்கு முன்னாடியே * ஒரு தடவை தட்டு. 0.00 * விழணும். முந்தின ஆள் போட்ட மிச்சம் உள்ளே இல்லைங்கிறதுக்கு அந்த வரிதான் சாட்சி. பேப்பரை வாங்கினதும் எங்க சார் முதல்ல பாக்கறது அந்த வரியைத்தான். அது இல்லாத பேப்பரைத் திருப்பிக் கொடுத்துடுவார்.

ரெண்டாவது #. ஒரு எண்ணைத் தட்டி # அழுத்தினா அது கணக்குல சேராது, அச்சு மட்டும் ஆகும். தேதி, சீட்டு நம்பர் போடறதுக்கு. 14.08 # அப்படின்னு போட்டா எந்த நாள் கணக்குன்னு எப்பவும் தெரியும். நிறைய மிஷின்ல # உம் ◇ உம் ஒரே விசைதான். எண் தட்டிட்டு அழுத்தினா #, + அல்லது − போட்ட பிறகு அழுத்தினா ◇. முருங்கைமண்டி சார், உங்க மிஷினும் அப்படியா பாருங்க.

மூணாவது, எத்தனை தொகை போட்டோம்னு எண்ணிச் சொல்ற வசதி. ஐசி-ன்னு எழுதிய பொத்தான். அதைப் போட்டு வச்சா * அச்சாகும்போது இடது ஓரத்துல எண்ணிக்கையும் விழும். 48 வவுச்சர் கையில இருக்கு, மிஷின் 047-ங்குது. ஒண்ணு விட்டுப்போச்சு. மொத்தத்தை ஒப்பிடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்.

நாலாவது எனக்கு ரொம்பப் பிடிச்சது. பேப்பர் மொத்தத்துக்கும் லெட்ஜர் மொத்தத்துக்கும் வித்தியாசம் வந்தா, அந்த வித்தியாசத்தை 9-ஆல வகுத்துப் பாருங்க. மீதி இல்லாம போச்சுன்னா பெரும்பாலும் பக்கத்து பக்கத்து இலக்கம் ரெண்டு இடம் மாறியிருக்கும். 5,820-ஐ 5,280-ன்னு தட்டினா வித்தியாசம் 540. 9-ஆல வகுத்தா 60. வித்தியாசத்தைப் பாதியாக்கினா ஒரு வரியில இருக்கிற தொகை வருதா? அப்போ அந்தத் தொகையைக் கழிக்க வேண்டிய இடத்துல கூட்டியிருக்கோம், இல்லைன்னா கூட்ட வேண்டியதைக் கழிச்சிருக்கோம். அப்புறம் பேனாவோட பேப்பரை மேலிருந்து டிக் அடிச்சுட்டே வந்தா பத்து நிமிஷத்துல மாட்டிடும்.

---

வேகக்கணக்கு (சென்னை) | செவ்வாய், காலை 11:20

எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா 2 ரூபாய் கொடுக்கக் கூட ஆப் இருக்கிற காலத்துல இவ்வளவு மெனக்கெடணுமா? ஃபோன்ல ஒரு எக்செல் ஷீட் போட்டு, விவசாயிக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டா முடிஞ்சது. ரோல் வேண்டாம், மை வேண்டாம்.

---

ஓய்வுபெற்ற காசாளர் | செவ்வாய், பகல் 12:02

வேகக்கணக்கு தம்பி, அனுப்புங்கள், அதுவும் நல்லதுதான். கணினியில் பழையதைத் தேடி எடுப்பது சுலபம், இதை நான் மறுக்கவில்லை. ஆனால் மண்டியில் பணம் கைமாறுவது அந்த இடத்திலேயே, அந்த நிமிஷத்திலேயே. ஷீட்டில் விடை மட்டும் தெரியும். உள்ளே எந்தக் கட்டத்தை எந்தக் கட்டத்தோடு பெருக்கியது என்று பார்க்க, அதைப் போட்ட ஆளின் தயவு வேண்டும். பேப்பரில் தட்டிய ஒவ்வொரு விசையும் வரிசை மாறாமல் இருக்கிறது. தப்பாகத் தட்டினாலும் தப்பாகவே இருக்கும், அழிக்க முடியாது. காசை எண்ணி மடியில் கட்டுவதற்கு முன் விவசாயி வரி வரியாகப் பார்த்துவிட்டு "27.5 இல்லீங்க, 37.5" என்று சொல்லலாம். அந்த உரிமையை அவர் கையில் கொடுக்கிற மிஷின் இது. அதனால்தான் இதன் மேல் எனக்கு இவ்வளவு பிரியம்.

என் சர்வீஸில் நடந்த ஒன்று. ஊரைச் சொல்ல வேண்டாம். ஒரு கவுண்டரில் காலையில் ஒருவர் ◇ போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். அடுத்தவர் வந்து உட்கார்ந்து தன் நகைக்கடன் வட்டிச் சீட்டுகளைக் கூட்டினார். முந்தினவர் விட்ட 11,400 அதில் சேர்ந்துகொண்டது. இருப்பு இடிக்கிறது. சாயங்காலம் ஏழு மணி வரை பணக்கட்டைப் பிரித்துப் பிரித்து எண்ணினோம். ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்க்கிற நிலைமைக்குப் போய்விட்டது. கடைசியில் பேப்பரை மேலே சுருட்டிக்கொண்டே போனபோது, இரண்டாவதாக உட்கார்ந்தவர் போட்ட முதல் தொகைக்கு மேலே * இல்லை, ◇ இருந்தது. அந்தப் பேப்பர் மட்டும் இல்லையென்றால் ஒருவர் கைக்காசு கட்டியிருப்பார். கோவைப் பொண்ணு சொன்ன 0.00 * வரியை அன்றிலிருந்து நான் விட்டதே இல்லை.

இந்த மிஷினை உண்டாக்கியவரே வங்கிக் குமாஸ்தாவாக இருந்தவர்தான். அமெரிக்காவில் வில்லியம் பரோஸ். செயின்ட் லூயிஸ் நகரத்தில் உட்கார்ந்து, கணக்கைப் பேப்பரில் அடிக்கிற கூட்டல் மிஷினைச் செய்து 1888-இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னாலும் கணக்குப் போடுகிற மிஷின்கள் இருந்தன. தட்டியதைக் காகிதத்தில் நிறுத்தியதுதான் வங்கிகளுக்கு வேண்டியிருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் கிளையில் கைப்பிடி சுற்றுகிற ஃபேசிட் ஒன்று இருந்தது. நன்றாகக் கணக்குப் போடும், ஆனால் அச்சடிக்காது. விடையைப் பார்த்துக் கையால் எழுத வேண்டும். எழுதும்போது கை தவறும்.

---

அச்சுப்பிரியன் (மதுரை) | செவ்வாய், பகல் 1:15

அய்யா வரலாறு ஆரம்பிச்சதால ஒண்ணு சேக்கறேன். பிரிண்டர் கம்பெனி எப்சன் பேரே இந்த மிஷின்லேருந்து வந்ததுதான். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல நேரத்தை அளந்து அச்சடிக்கிற கருவி செஞ்சவங்க, அந்த அனுபவத்தை வச்சு 1968-ல கால்குலேட்டருக்குள்ள வைக்கிற சின்ன பிரிண்டர் ஒண்ணு கொண்டு வந்தாங்க. பேரு இபி 101. எலக்ட்ரானிக் பிரிண்டர்ங்கிறதோட முதல் எழுத்துகள் இபி. அதுக்குப் பொறந்த பிள்ளைங்கிற அர்த்தத்துல இங்கிலீஷ்ல மகன்ங்கிற சொல்லைச் சேர்த்து 1975-ல எப்சன்னு வச்சாங்க. இப்ப மேஜை மேல இருக்கிற பிரிண்டரைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சின்ன ரோல் மிஷின்தான் ஞாபகம் வரும்.

---

கம்பிக்கடை | செவ்வாய், பகல் 2:40

வரி விசையைப் பத்தி யாருமே சொல்லலைங்க. காய்கறிக்கு ஜிஎஸ்டி இல்லாததால மண்டித் தம்பிக்கு அது தேவைப்படாது. மத்தவங்களுக்காகச் சொல்றேன்.

வரி சேர்க்கிற விசை, வரி பிரிக்கிற விசைன்னு ரெண்டு இருக்கும். விகிதத்தை ஒரு தடவை உள்ளே ஏத்திட்டா அப்படியே நிக்கும். 18 ஏத்தி 1000 தட்டி வரி + அழுத்தினா 180-ஐத் தனியா அடிச்சு 1180 காட்டும். 1180 தட்டி வரி − அழுத்தினா 1000. இந்த இடத்துலதான் நிறையப் பேர் தப்புப் பண்றாங்க. வரியோட சேர்ந்த விலையில 18 சதம் கழிச்சா அடக்கம் (வரி இல்லாத விலை) வந்துரும்னு நினைக்கறாங்க. 1180-ல 18 சதம்னா 212.40. கழிச்சா 967.60. ஆயிரம் ரூபா சரக்குல 32 ரூபா 40 பைசா காணாமப் போகுது. வரி − விசை 1.18-ஆல வகுக்குது, அதனாலதான் சரியா வருது.

எனக்கே நடந்தது. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி சிமெண்டுக்கு 28-லேருந்து 18-க்கு வந்துச்சுங்க. மிஷின்ல ஏத்தி வச்ச பழைய 28 அப்படியே கிடந்தது. மறுநாள் 300 ரூபா அடக்கத்துக்கு 354 வர வேண்டிய இடத்துல 384 அச்சாச்சு. நல்ல வேளை, வாங்க வந்த மேஸ்திரி பேப்பரைப் பாத்துட்டுக் கேட்டார். அதுலேருந்து கடை திறந்ததும் 100 தட்டி வரி + அழுத்தி ஒரு வரி அடிச்சுப் பாத்துக்கறேன்.

---

யாழ் கணக்கு | செவ்வாய், மாலை 4:05

கம்பிக்கடை அண்ணை சொன்னது இஞ்சையும் அப்பிடியே. 2024 ஜனவரி முதலாம் திகதி வற் வரி 15-இல இருந்து 18-க்குப் போனது. ஒருத்தரும் மிஷினில மாத்தேல்ல. ரெண்டு நாள் பழைய வீதத்திலயே அடிச்சவை.

இன்னொரு விஷயம். வெளிநாட்டில இருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து தாற மிஷினை அப்பிடியே செருகாதேங்கோ. அடியில ஒட்டியிருக்கிறதை வாசியுங்கோ. அமெரிக்கா, கனடாவில விக்கிறது 120 வோல்ட். எங்கட வீட்டுக் கரண்ட் 230. என்ர மச்சான் கொண்டுவந்ததை நான் வாசிக்காமல் செருகி, ஒரே நொடியில புகை. அடாப்டர் போடுற மிஷினெண்டால் அதே கம்பனி அடாப்டரைப் போடுங்கோ. கைக்கு வந்ததைப் போட்டால் வோல்ட் சரியா இருந்தாலும் பிளஸ் மைனஸ் மாறியிருக்கலாம். பற்றரியில ஓடும்தான், ஆனால் அச்சடிக்கேக்க கரண்ட் கனக்க இழுக்கும். பேப்பர் மெதுவா நகரத் தொடங்கினால் பற்றரி முடியுது எண்டு அர்த்தம்.

பிறகு, மை முடிஞ்ச உருளைக்கு ரப்பர் ஸ்டாம்ப் மை ஊத்துறவை இருக்கினம். வேண்டாம். அந்த மை வேற. எழுத்துச் சக்கரத்தில காஞ்சு ஒட்டிப்போடும். உருளை பெரிய விலை இல்லை. மிஷினை நிப்பாட்டி, மூடியைக் கழட்டி, காதைப் பிடிச்சு மேல தூக்கினால் வரும்.

---

தணிக்கைப்பெண் | செவ்வாய், மாலை 5:30

யாழ் அண்ணா பேப்பர் பத்திச் சொன்னதோட இதையும் சேத்துக்குங்க. சூட்டுப் பேப்பர்ல அடிக்கிற மிஷின் வச்சிருக்கிறவங்க அந்தச் சீட்டை பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சா எழுத்து மறைஞ்சிடும். வெயில், சூடு பட்டாலும் போயிடும். ஒரு கிளையன்ட் கொண்டு வந்த ஃபைல்ல பாதிப் பேப்பர் வெறும் வெள்ளையா இருந்தது. மை உருளை அச்சு வருஷக்கணக்கா நிக்கும். பாதுகாத்து வைக்க வேண்டிய கணக்குன்னா மை உருளைதான். அந்த வகையில முருங்கைமண்டி சார் வாங்கினது சரியான மிஷின்.

---

முருங்கைமண்டி | செவ்வாய், இரவு 8:55

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னிக்கு 60 சீட்டுக்கு மேல போட்டேன். முதல் பத்து சீட்டுக்கு வேர்த்து ஊத்துச்சு. அப்புறம் கை பழகிருச்சு. 5 விசை மேல ஒரு சின்ன மேடு இருக்கில்ல, நடு விரல் அங்கே இருந்தா பாக்காமலே தட்ட முடியுது. கண்ணு தராசுச் சீட்டு மேலயே இருக்கு.

தணிக்கை சகோதரி சொன்ன மாதிரி # உம் ◇ உம் ஒரே விசைதான். ஒவ்வொரு விவசாயிக்கும் முதல்ல தேதி #, சீட்டு நம்பர் #, அப்புறம் 0.00 *, அதுக்கப்புறம் சரக்கு.

ஒன்பது மணி போல ஒரு பெரியவர், கள்ளிமந்தயம் பக்கம், மூணு மூட்டை முருங்கை கொண்டு வந்தார். பணத்தை எண்ணிக் கொடுத்து சீட்டையும் பேப்பரையும் பின் அடிச்சுக் கொடுத்தேன். வாங்கிட்டு வெளிச்சத்துக்குப் போய் நின்னு, பேப்பரைக் கட்டை விரலால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு வரியாப் படிச்சார். திரும்பி வந்து, "தம்பி, மூட்டை மூணு, இதுல கூட்டல் ரெண்டுதானே இருக்கு"ன்னார். பாத்தா மூணாவது மூட்டைக்கு = தட்டிட்டு + தட்ட மறந்துட்டேன். வரி இருக்கு, பக்கத்துல + இல்ல. 896 ரூபா சரக்கு. கமிஷன் பிடிச்சு மிச்சம் 806 ரூபா 40 பைசாவைக் கொடுத்தேன். பேப்பரை மறுபடியும் புதுசா அடிச்சும் கொடுத்தேன். அவர் பழையதையும் சேத்து மடிச்சு வச்சுக்கிட்டார்.

சாயங்காலம் அப்பாகிட்ட சொன்னேன். கண்ணுல பச்சைத் துணி கட்டிட்டு உட்கார்ந்திருந்தவர், "அவர் எப்பவுமே வெளிச்சத்துல நின்னு பாத்துட்டுத்தான் போவார்"ன்னார்.

ஒரே ஒரு கேள்வி. = தட்டினதுமே தானா மொத்தத்துல சேர்ற மாதிரி ஏதாவது வழி இருக்கா? + மறக்கற பயம் இன்னும் போகலை.

---

ஓய்வுபெற்ற காசாளர் | செவ்வாய், இரவு 9:20

இருக்கிறது. ஜிடி என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைப் போட்டு வைத்தால் = ஒவ்வொன்றும் தனியாக ஒரு பெருமொத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும், கடைசியில் ஜிடி விசையை அழுத்தி எடுக்கலாம். ஆனால் சில மாடல்களில் * போட்டதும் அதிலேயே போய்ச் சேரும், சதவீதம் போட்டதும் சேரும். உங்கள் மிஷின் எதையெல்லாம் சேர்க்கிறது என்று முதலில் சின்ன எண்களை வைத்துப் பாருங்கள்: 2 × 3 =, 4 × 5 =, ஜிடி. 26 வர வேண்டும். அப்புறம் நடுவில் 100 × 10 % போட்டுவிட்டு மறுபடியும் பாருங்கள்.

எனக்குக் கேட்டால், இப்போதைக்கு + தட்டுகிற வழியிலேயே இருங்கள். ஐசி பொத்தானை மட்டும் போடுங்கள். முருங்கை மூன்று மூட்டை, கழிவு மூன்று. சில மாடல் கழித்தலையும் ஒன்று கூட்டி 006 என்று காட்டும், சில மாடல் ஒன்று குறைத்து 000 என்று காட்டும். அதனால் ◇ போடும் இடத்தில் பாருங்கள், கழிவு தொடங்குவதற்கு முன்னால். அங்கே எண்ணிக்கையும் அச்சானால் 003 இருக்க வேண்டும். உங்கள் மிஷினில் ◇-க்கு எண்ணிக்கை விழுகிறதா என்று நாளைக்குக் காலையில் எழுதுங்கள். நாலே காலுக்கு விழித்திருப்பேன்.

---

முருங்கைமண்டி | புதன், காலை 4:31

விழுது அய்யா. 003.